கோபில்ட் அகராதி வாங்கலாமா? “அப்ஹெல்ட்”ங்கற ஒரே வார்த்தைய வெச்சு சோதிச்சுப் பாத்தேன்

மொதல்லயே முடிவ சொல்லிடறேன், வாங்குங்க. காலின்ஸ் கோபில்ட் அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் டிக்‌ஷனரி, நல்ல தடியான புக்கு, ஃபார்ம் ஃபோர் ஃபார்ம் ஃபைவ் (இடைநிலைப்பள்ளி நாலாவது அஞ்சாவது வருஷம்) படிக்கற புள்ளைங்க இருக்கற வீட்ல, எஸ்பிஎம்ங்கற ஃபார்ம் ஃபைவ் அரசாங்கப் பரீட்சைய முடிச்சிட்டு, யுனிவர்சிட்டிக்கு போறதுக்கு மூவெட்ங்கற இங்கிலீஷ் பரீட்சை எழுதப்போற புள்ளைங்க இருக்கற வீட்ல, அப்புறம் இங்கிலீஷ்ல ஒரு கடுதாசி வந்தா யாருகிட்ட எடுத்துட்டுப் போறதுன்னு தவிக்கற எந்த வீட்லயும் இருக்க வேண்டிய சாமான் இது. நான் மலேசியாவுல, பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்ல சாயங்காலம் புள்ளைங்களுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுக்கறேன், வர்ற புள்ளைங்கள்ல பாதி பேரு தோட்டத்துலேர்ந்து வர்றவங்க, தமிழ்ப்பள்ளியில ஆறு வருஷம் படிச்சிட்டு இடைநிலைப்பள்ளிக்கு போனவங்க, அவங்களுக்கு வீட்ல தமிழு, ஸ்கூல்ல மலாய், இங்கிலீஷ் மூணாவதாத்தான் வருது. அவங்கள மனசுல வெச்சுத்தான் இந்த ரிவ்யூ எழுதறேன், சும்மா அட்டைய பாத்துட்டு எழுதல.

ஒரு அகராதி நல்லதா இல்லையான்னு எப்படி பாக்கறது? நெறய பேரு எத்தன வார்த்தை இருக்குன்னு பாப்பாங்க, லட்சம் வார்த்தைன்னு அட்டையில போட்டிருந்தா சந்தோஷப்பட்டு வாங்கிடுவாங்க. எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. ஒரு கஷ்டமான வார்த்தைய எடுத்துக்கணும், நம்ம வாழ்க்கையில நெசமா வந்த வார்த்தையா இருக்கணும், அத அந்த அகராதி எப்படி வெளக்குதுன்னு பாக்கணும், அவ்வளவுதான். நான் எடுத்த வார்த்தை “அப்ஹெல்ட்” (upheld), அப்ஹோல்டுங்கற வினையோட இறந்தகாலம். ஏன் இத எடுத்தேன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கு.

இங்க பக்கத்து தோட்டத்துல ஒரு குடும்பம், அந்த வீட்டு அண்ணன வேலையிலேர்ந்து நிறுத்திட்டாங்க, அவரு கேஸ் போட்டு இண்டஸ்ட்ரியல் கோர்ட்ல, அதாவது தொழிலாளி முதலாளி வழக்க விசாரிக்கற கோர்ட்ல, ஜெயிச்சாரு, அதுக்கப்புறம் கம்பெனி விடல, மேல ஹைகோர்ட்டுக்கு போனாங்க. ரொம்ப நாள் கழிச்சு லோயர் ஆபீஸ்லேர்ந்து ஒரு கடுதாசி வந்துச்சு, இங்கிலீஷ்ல, ரெண்டே வரி முக்கியம்: “தி அப்ளிகேஷன் இஸ் டிஸ்மிஸ்ட். தி அவார்ட் ஆஃப் தி இண்டஸ்ட்ரியல் கோர்ட் இஸ் அப்ஹெல்ட்.” அந்த வீட்டு பொண்ணு அத ஃபோன்ல ஒரு மொழிபெயர்ப்பு ஆப்ல போட்டுச்சு. அதுல டிஸ்மிஸ்டுக்கு பணிநீக்கம்னு வந்துச்சு, அவார்டுக்கு விருதுன்னு வந்துச்சு, அப்ஹெல்டுக்கு ஆதரிக்கப்பட்டதுன்னு வந்துச்சு. படிச்சிட்டு அந்த வீட்டு அக்கா அழுதுட்டாங்க, திரும்பவும் வேலைய விட்டு நிறுத்திட்டாங்க போலிருக்கு, விருதுன்னு என்னமோ போட்டிருக்கான், ஒண்ணும் புரியலையே தங்கச்சின்னு கடுதாசியோட என் வீட்டுக்கு வந்தாங்க. ஆனா நெசத்துல அந்த ரெண்டு வரியும் அவங்க ஜெயிச்சிட்டாங்கன்னு சொல்லுது! கம்பெனி போட்ட மனுவ தள்ளுபடி பண்ணிட்டாங்க, இண்டஸ்ட்ரியல் கோர்ட் குடுத்த தீர்ப்பு அப்படியே நிக்குது, அதான் அர்த்தம். சந்தோஷப்பட வேண்டிய குடும்பம் ஒரு ராத்திரி பூரா அழுதுகிட்டு இருந்திருக்கு, ரெண்டு வார்த்தையால.

அதனாலதான் சொல்றேன், வார்த்தைக்கு அர்த்தம் தெரியறது வேற, அந்த வார்த்தை அந்த எடத்துல என்ன வேல செய்யுதுன்னு தெரியறது வேற.

இப்ப அகராதிக்கு வர்றேன். நம்ம ஊர்ல ஸ்கூல் சாமான் விக்கற கடையில கெடைக்கற சின்ன பாக்கெட் அகராதிங்க, இங்கிலீஷ் தமிழ், இங்கிலீஷ் மலாய் தமிழ்னு மூணு மொழியில வர்றது, அதுல ஒண்ண எடுத்து பாத்தேன். சப்போர்ட்டுக்கு ஆதரி, தாங்கு. அப்ஹோல்டுக்கு ஆதரி, தாங்கு, உயர்த்திப் பிடி. பேக்குக்கு ஆதரி. என்டோர்ஸுக்கு ஆதரி, ஒப்புக்கொள். செகண்டுக்கு ஆதரி, நொடி, இரண்டாவது. பாருங்க, எல்லாத்துக்கும் ஒரே ஆதரி. தப்புன்னு சொல்ல முடியாது, எல்லாமே ஒரு விதத்துல ஆதரிக்கறதுதான். ஆனா புள்ள பரீட்சையில எழுதும்போது எந்த எடத்துல எத போடணும்னு அதுல ஒரு வரி கூட இல்ல. ஒரு பெரிய சாவிக்கொத்த கையில குடுத்து எந்த சாவி எந்த கதவுக்குன்னு சொல்லாம போற மாதிரி.

கோபில்ட் அப்படி இல்ல. அதுல வெளக்கமே முழு வாக்கியமா இருக்கும். வார்த்தை, பக்கத்துல அர்த்தம்னு இல்லாம, யாரு, எத, என்ன செஞ்சா இந்த வார்த்தைய சொல்லலாம்னு ஒரு வாக்கியமா எழுதியிருக்கும். அப்ஹோல்டுக்கு ரெண்டு அர்த்தம் தனித்தனியா போட்டிருக்கு. ஒண்ணு, நீங்க ஒரு சட்டத்தையோ கொள்கையையோ முடிவையோ ஏத்துகிட்டு அது விழாம காப்பாத்தினா அதுக்கு அப்ஹோல்ட். இன்னொண்ணு, ஒரு கோர்ட்டு, ஏற்கனவே வந்த ஒரு தீர்ப்ப சரிதான்னு உறுதி பண்ணினா அதுக்கும் அப்ஹோல்ட். இத நான் என் வார்த்தையில தமிழ்ல சொல்றேன், புக்குல இங்கிலீஷ்லதான் இருக்கும், ஆனா அந்த இங்கிலீஷு ஃபார்ம் ஃபோர் புள்ளைக்கு புரியற இங்கிலீஷு. ரெண்டாவது அர்த்தத்துல கோர்ட்டுங்கற வார்த்தையே வெளக்கத்துக்குள்ள இருக்கறதால, அந்த பொண்ணு இத பாத்திருந்தா கடுதாசிய கையில வெச்சுகிட்டு ஒடனே கண்டுபிடிச்சிருக்கும், ஏற்கனவே வந்த தீர்ப்பு, அத சரின்னு சொல்லிட்டாங்கன்னு.

இந்த முழு வாக்கிய வெளக்கம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கொஞ்சம் சொல்லணும், ஏன்னா இது தற்செயலா வந்ததில்ல. கோபில்ட் 1987ல மொதல்ல வந்துச்சு. இங்கிலாந்துல பர்மிங்ஹாம் பல்கலைக்கழகமும் காலின்ஸ் பதிப்பகமும் சேந்து பண்ணின வேலை, பேராசிரியர் ஜான் சின்க்ளேர்ங்கறவரு தலைமை. அதுக்கு முன்னால அகராதி எழுதறவங்க பெரும்பாலும் தங்களுக்கு தெரிஞ்சது, படிச்சப்ப குறிச்சு வெச்சது, பழைய அகராதியில இருக்கறது, இத வெச்சு எழுதுவாங்க. இவங்க என்ன பண்ணாங்கன்னா பேப்பரு, புஸ்தகம், ரேடியோ, பேச்சு எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி, ஒரு வார்த்தை எங்கெங்க வருது, அதுக்கு முன்னால என்ன வருது, பின்னால என்ன வருதுன்னு பாத்து பாத்து எழுதினாங்க. உதாரண வாக்கியமும் இவங்களா இட்டுக்கட்டினது இல்ல, நெசமா எங்கயோ யாரோ எழுதினது பேசினது. அதனாலதான் அப்ஹெல்டுக்கு பக்கத்துல கோர்ட்டு, தீர்ப்பு, சட்டம், கம்ப்ளெயின்ட்னு கூட்டாளி வார்த்தைங்க தானா வந்து நிக்குது. வார்த்தைங்களுக்கும் சொந்தக்காரங்க உண்டு, யாரு வீட்டு கல்யாணத்துக்கு யாரு வருவாங்கன்னு தெரிஞ்சாத்தான் மொழி வரும்.

வெளிநாட்டு புள்ளைங்களுக்குன்னே அகராதி எழுதற பழக்கம் இதுக்கும் ரொம்ப முந்தினது. மைக்கேல் வெஸ்ட்ங்கறவரு டாக்காவுல வாத்தியாரா இருந்து வங்காளத்து புள்ளைங்க கஷ்டத்த நேரா பாத்தவரு, 1935ல ஒரு அகராதி கொண்டு வந்தாரு, வெளக்கம் பூரா 1490 வார்த்தைக்குள்ளயே முடிச்சிருந்தாரு. ஹார்ன்பிங்கற இங்கிலீஷ் வாத்தியாரு ஜப்பான்ல சொல்லிக்கொடுத்துட்டு இருந்தப்ப பண்ணினது 1942ல தோக்கியோவுல வந்து, அப்புறம் 1948ல ஆக்ஸ்ஃபோர்ட்காரங்க வெளியிட்டது, அதுதான் இன்னிக்கு எல்லாரும் சொல்ற ஆக்ஸ்ஃபோர்ட் அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ். லாங்மன் அகராதி 1978ல வந்துச்சு, அதுல வெளக்கத்துக்கு 2000 வார்த்தைதான் பொழங்குவாங்க. நம்மள மாதிரி ஆளுங்கள, நம்ம பக்கத்து ஊரு புள்ளைங்கள பாத்துத்தான் இந்த வகை அகராதியே பொறந்திருக்கு. அத நம்ம வீட்ல வெச்சு பொழங்காம இருந்தா எப்படி?

சரி, சோதனைக்கு திரும்ப வர்றேன். அப்ஹெல்ட் வார்த்தையில ஒரு பெரிய பள்ளம் இருக்கு, அதுல நெறய பேரு விழுவாங்க. எது அப்ஹெல்ட் ஆச்சுன்னு பாக்கணும். “தி டிசிஷன் வாஸ் அப்ஹெல்ட்”னா பழைய தீர்ப்பு நிக்குது, அதாவது அப்பீல் போட்டவரு தோத்துட்டாரு. “தி அப்பீல் வாஸ் அப்ஹெல்ட்”னா அப்பீல ஏத்துகிட்டாங்க, அதாவது அப்பீல் போட்டவரு ஜெயிச்சிட்டாரு. வார்த்தை ஒண்ணுதான், முடிவு நேர் எதிர்! “தி கம்ப்ளெயின்ட் வாஸ் அப்ஹெல்ட்”னா புகார்ல உண்மை இருக்குன்னு விசாரிச்சவங்க சொல்லிட்டாங்கன்னு அர்த்தம். டிஸ்மிஸ்டும் அப்படியேதான், ஆளு டிஸ்மிஸ்ட்னா வேலை போச்சு, கேஸு டிஸ்மிஸ்ட்னா தள்ளுபடி. யாரு கேஸ் போட்டாங்கன்னு பாக்காம அந்த வார்த்தைய மட்டும் பாத்து பயப்படவே கூடாது. கோபில்ட்ல டிஸ்மிஸ் பாத்தீங்கன்னா முதலாளி தொழிலாளிய நிறுத்தறது ஒரு நம்பர்ல, ஜட்ஜு கேஸ தள்றது இன்னொரு நம்பர்ல, ரெண்டும் பிரிச்சு ஒவ்வொண்ணும் வாக்கியத்தோட இருக்கு, இதுக்காகவே அந்த காசு குடுக்கலாம்.

இங்க ஒண்ணு சொல்லிடறேன், அகராதி லோயர் ஆகாது. வேலைய விட்டு நிறுத்தறது சம்பந்தமா கடுதாசி வந்தா அர்த்தம் புரிஞ்சுக்க அகராதிய பாருங்க, ஆனா ஒடனே யூனியனுக்கோ லோயருக்கோ தொழில் உறவு இலாக்காவுக்கோ போங்க, ஏன்னா 1967 தொழில் உறவுச் சட்டப்படி நியாயமில்லாம வேலைய விட்டு நிறுத்தினா 60 நாளைக்குள்ள மனு குடுத்தாகணும். அத தாண்டினா கஷ்டம். இது ரிவ்யூவுக்கு சம்பந்தமில்லாத விஷயம்தான், ஆனா தோட்டத்துல இன்னும் நெறய பேருக்கு தெரியல, அதனால எழுதறேன்.

இலக்கணம் எப்படி சொல்லியிருக்குன்னு பாத்தேன். அப்ஹோல்ட்ஸ், அப்ஹோல்டிங், அப்ஹெல்ட், எல்லாம் தலைப்புலயே போட்டிருக்கு, அப்ஹோல்டட்னு எழுதற புள்ளைங்களுக்கு இது போதும். அழுத்தம் பின்னால ஹெல்ட்ல வரணும், அதுவும் உச்சரிப்புக் குறியில கோடு போட்டு காட்டியிருக்கு. அதுக்கப்புறம் ஒரு முக்கியமான விஷயம், அப்ஹெல்ட தலைகீழா திருப்பி ஹெல்ட் அப்னு போட்டுட்டா அர்த்தம் எங்கயோ போயிடும். “தி ட்ரெயின் வாஸ் ஹெல்ட் அப் அட் கோலா கங்சார்”னா ட்ரெயின் அங்க நின்னு லேட் ஆயிடுச்சு. “தி பேங்க் வாஸ் ஹெல்ட் அப்”னா பேங்க்ல துப்பாக்கிய காட்டி கொள்ளையடிச்சிட்டாங்க. ஒரு பொடியன் கட்டுரையில “தி கோர்ட் ஹெல்ட் அப் தி ஜட்ஜ்மெண்ட்”னு எழுதிட்டு வந்தான், தீர்ப்ப தாமதப்படுத்தினாங்கன்னு ஆயிடுச்சு. ஹோல்ட் அப், ஹோல்டுங்கற வார்த்தைக்கு கீழ தனியா இருக்கு, அவனையே எடுத்து படிக்க சொன்னேன், அவனே திருத்திட்டான், அதுதான் எனக்கு புடிச்சது, நான் சொல்லி திருத்தறத விட அவன் கண்ணால பாத்து திருத்தினது நிக்கும்.

ஆளுக்கு அப்ஹெல்ட் வராது. அதயும் சொல்லணும். அக்கா ரப்பர் ஃபேக்டரியில வேல செஞ்சு தம்பிய படிக்க வெச்சாங்கன்னு எழுதணும்னா “ஷி சப்போர்ட்டட் ஹர் பிரதர்”, அங்க அப்ஹெல்ட் போட்டா படிக்கறவங்களுக்கு ஒண்ணும் புரியாது. புது வார்த்தை கத்துகிட்ட ஒடனே எல்லா எடத்துலயும் அத போட்டு பாக்கற ஆசை புள்ளைங்களுக்கு இருக்கும், நல்ல ஆசைதான், ஆனா அப்ஹெல்டுக்கு எதிர்ல சட்டம், தீர்ப்பு, கொள்கை, மரபு, உரிமை, இந்த மாதிரி ஏதாவது வரணும். நம்ம தமிழ்ப்பள்ளி சபைகூடல்ல ருக்குன் நெகாரா, அதாவது தேசியக் கோட்பாடு, சொல்லுவோமே, 1970ல கொண்டு வந்தது, அதுல மூணாவது கோட்பாடு அரசியலமைப்புச் சட்டத்தை உறுதியாகக் கடைப்பிடித்தல். இங்கிலீஷ்ல அத “அப்ஹோல்டிங் தி கான்ஸ்டிடியூஷன்”னு எழுதறதுண்டு. புள்ளைங்ககிட்ட இத சொன்னா போதும், ஒடனே புடிச்சுக்கறாங்க, ஏன்னா அந்த வரி அவங்களுக்கு மனப்பாடம். கடைப்பிடிக்கறது, விடாம புடிச்சு நிக்கறது, அந்த உணர்வு சப்போர்ட்டட்ல இல்ல, அப்ஹெல்ட்ல இருக்கு.

இப்ப சப்போர்ட்டட எடுத்துக்குவோம். இந்த வார்த்தை நம்ம நாட்டு இங்கிலீஷ்ல ரொம்ப அதிகமா பொழங்கறதுக்கு காரணம் மலாய் மொழியில இருக்கற சொக்கோங், ஆதரிக்கறதுன்னு அர்த்தம். எங்க போனாலும் சூராட் சொக்கோங்கான் (ஆதரவுக் கடிதம்) கேப்பாங்க, டொக்குமென் சொக்கோங்கான் (ஆதரவுப் பத்திரம்) கேப்பாங்க, போராங்ல, அதாவது விண்ணப்ப பாரத்துல, கடைசியில டிசொக்கோங் (ஆதரிக்கப்படுது), தீடாக் டிசொக்கோங் (ஆதரிக்கப்படல)னு ரெண்டு இருக்கும், ஒண்ண அடிச்சிட்டு கையெழுத்து போடுவாங்க. அத அப்படியே இங்கிலீஷ்ல “சப்போர்ட்டட்”, “நாட் சப்போர்ட்டட்”னு போடறோம். இங்க எல்லாருக்கும் புரியும், தப்பில்ல. ஆனா வெளிநாட்டு யுனிவர்சிட்டிக்கு புள்ள அப்ளை பண்ணும்போது அந்த எடத்துல “ரெகமெண்டட்”தான் அவங்க எதிர்பாக்கற வார்த்தை. சப்போர்ட்டிங் டாக்குமெண்ட்ஸ் மட்டும் எல்லா ஊர்லயும் சரி, அத மாத்த வேண்டாம்.

இத விட முக்கியமானது மீட்டிங் மினிட். பெற்றோர் ஆசிரியர் சங்கம், கோயில் கமிட்டி, இளைஞர் மன்றம், எல்லா எடத்துலயும் ஒரு தீர்மானம் வந்தா ஒருத்தரு முன்மொழிவாரு, ஒருத்தரு வழிமொழிவாரு. தமிழ்ல எவ்வளவு அழகா தனி வார்த்தை இருக்கு பாருங்க. மலாய்ல டிசாடாங் ஓலே, டிசொக்கோங் ஓலே. அத இங்கிலீஷ்ல எழுதும்போது “புரோபோஸ்ட் பை, சப்போர்ட்டட் பை”னு எழுதறாங்க, ஆனா அந்த எடத்துல இங்கிலீஷ் மரபு “செகண்டட் பை”. சப்போர்ட்டட்னா தீர்மானத்துக்கு கைதூக்கின எல்லாரும் சப்போர்ட் பண்ணினவங்கதான், செகண்டட்னா அந்த ரெண்டாவது ஒரே ஆளு, அவரு பேரு மினிட்ல ஏறணும். கோபில்ட்ல செகண்ட் பாத்தா மீட்டிங்ல இன்னொருத்தரு சொன்னத விவாதத்துக்கு எடுக்கறதுக்காக ஆமோதிக்கறதுன்னு தனியா வெளக்கியிருக்கு. அதோட இன்னொரு செகண்டடும் இருக்கு, ஒரு ஊழியர தற்காலிகமா இன்னொரு எடத்துக்கு அனுப்பறது, அதுக்கு எழுத்து அதேதான், ஆனா பிரிட்டிஷ் உச்சரிப்புல அழுத்தம் ரெண்டாவது அசையில, செக்-கோண்-டட் மாதிரி. பாக்கெட் அகராதியில இத எங்க தேடறது சொல்லுங்க.

மத்த கூட்டாளி வார்த்தைங்கள வேகமா சொல்லிட்டு போயிடறேன். பேக்ட்னா பின்னால பலமா நிக்கறது, காசோ செல்வாக்கோ சேந்து வரும், கவர்ன்மெண்ட் பேக்ட்னு பேப்பர்ல பாப்பீங்க. என்டோர்ஸ்ட்னா வெளிப்படையா நான் இத ஏத்துக்கறேன்னு பேர குடுக்கறது, வேட்பாளர ஒரு கட்சி ஏத்துக்கறது, விளம்பரத்துல நடிகர் ஒரு சாமான நல்லதுன்னு சொல்றது. செக்குக்கு பின்பக்கம் கையெழுத்து போடறதும் என்டோர்ஸ்தான், லத்தீன்ல முதுகுன்னு அர்த்தம் வர்ற வார்த்தையிலேர்ந்து வந்தது. கொரொபொரேட்டட் சாட்சிக்கு வரும், ஒருத்தரு சொன்னத இன்னொரு ஆதாரம் வந்து ஆமான்னு சொல்றது. போர்ன் அவுட் கணக்குக்கும் அனுபவத்துக்கும் வரும், “ஹிஸ் ஸ்டோரி வாஸ் போர்ன் அவுட் பை தி பே ஸ்லிப்ஸ்”, அவரு சொன்னது சம்பளச் சீட்ட பாத்தா சரியா இருக்கு. அப்புறம் ஃபோன்ல “நாட் சப்போர்ட்டட்”னு வருமே, அது இந்த ஃபோன்ல இது ஓடாதுன்னு மட்டும்தான், யாரும் நம்மள எதிர்க்கல, வயசானவங்க அந்த வரிய பாத்து பயந்துடறாங்க, அவங்களுக்கு இத எடுத்து சொல்லணும்.

இனி கொறைய சொல்லணும், அதுவும் ஞாயம்தானே. மொத கொறை, இதுல தமிழ் இல்ல. ஒரு வார்த்தை கூட இல்ல. தமிழ்ல அழுத்தமா ஒரு ஈடு வேணும்னா சென்னைப் பல்கலைக்கழகம் 1960கள்ல வெளியிட்ட ஆங்கிலம் தமிழ்ச் சொற்களஞ்சியத்ததான் நான் பக்கத்துல வெச்சுக்கறேன், அ. சிதம்பரநாதன் செட்டியார் தலைமைப் பதிப்பாசிரியரா இருந்து செஞ்சது, எவ்வளவு பெரிய உழைப்பு அது. ஆனா அதுல இருக்கற தமிழ் நடை உசந்தது, புள்ளைங்களுக்கு தனியா குடுத்தா தெணறுவாங்க, பெரியவங்க கூட உக்காந்து பாக்கணும். கோபில்ட்ல மொதல்ல புரிஞ்சுகிட்டு, அப்புறம் இதுல தமிழ் வார்த்தைய எடுத்தா ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு கை குடுக்குது.

ரெண்டாவது, முழு வாக்கியமா எழுதறதால வெளக்கம் நீளும். சட்டுனு ஒரு வார்த்தை பாத்துட்டு ஓடணும்னு நெனக்கறவங்களுக்கு எரிச்சலா இருக்கும். நல்லா வாசிக்கற புள்ளைக்கு அந்த நீளம்தான் சொத்து, ஆனா வாசிப்பு இன்னும் வராத ஃபார்ம் ஒன் புள்ளைக்கு இது சுமை. அந்த வயசுக்கு லாங்மன் மாதிரி கொஞ்ச வார்த்தைக்குள்ள வெளக்கறது மேல், இல்லன்னா காலின்ஸ்லயே சின்ன வகுப்புக்குன்னு வர்ற மெலிசான பதிப்ப வாங்குங்க. மூணாவது, கோர்ட்டு வார்த்தைங்க ஓரளவுக்குத்தான். அப்ஹெல்ட், டிஸ்மிஸ்ட், குவாஷ்ட் (தீர்ப்ப ரத்து பண்றது) எல்லாம் இருக்கு, ஆனா நம்ம நாட்டு கோர்ட்ல எது எதுக்கு மேலன்னோ, அவார்ட்னா இங்க இண்டஸ்ட்ரியல் கோர்ட் தீர்ப்புன்னோ அது சொல்லாது, அது நம்ம ஊரு வெவரம், யாராவது சொல்லித்தான் தெரியணும். நாலாவது, எழுத்து பொடிசு. ராத்திரி லைட்ல பாட்டி தாத்தா படிக்க முடியாது, எனக்கே கண்ணாடி வேணும்.

அப்புறம் ஒரு சௌகரியம் சொல்லணும், அடிக்கடி பொழங்கற வார்த்தைக்கு பக்கத்துல சின்ன வைரக்குறி போட்டிருக்கும், குறி கூட கூட அந்த வார்த்தை அதிகமா வரும்னு அர்த்தம். சப்போர்ட்டுக்கு அது நெறய, அப்ஹோல்டுக்கு கம்மி. இத பாத்துத்தான் எந்த புள்ளைக்கு எத மொதல்ல சொல்லிக்கொடுக்கறதுன்னு நான் முடிவு பண்றேன், பி கிரேடு வாங்கினா போதும்னு இருக்கற புள்ளைக்கு சப்போர்ட்டட், பேக்ட், அக்ரீட் வித் போதும், ஏ பிளஸ் கேக்கற புள்ளைக்கு அப்ஹெல்ட், என்டோர்ஸ்ட் எல்லாம் சேத்து. 2021லேர்ந்து எஸ்பிஎம் இங்கிலீஷ் பேப்பர் சிஇஎஃப்ஆர்ங்கற ஐரோப்பிய மொழித்தர முறைக்கு மாறினப்புறம் பேசறது கேக்கறதுக்கும் தனி பேப்பர் இருக்கு, அதனால வார்த்தைய எழுத தெரிஞ்சா மட்டும் பத்தாது, வாயில வரணும், அழுத்தம் சரியா இருக்கணும், முழு வாக்கியத்த சத்தமா படிச்சு பழகினா அது தானா வருது. கோபில்ட் வெளக்கம் பூரா வாக்கியமா இருக்கறதால அதயே சத்தமா படிக்க சொல்றேன், வேற பாடப்புத்தகம் கூட வேணாம்.

வாங்கறவங்களுக்கு. புதுசு வாங்கினா விலை கூடத்தான், தோட்டத்துல இருக்கற குடும்பத்துக்கு அது ஒரு வார மளிகைக் காசு, அத நான் லேசா சொல்லல. அதனால பழைய புக்கு கெடைச்சா தாராளமா வாங்குங்க, ரெண்டு மூணு பதிப்பு பழசா இருந்தாலும் அப்ஹெல்டோட அர்த்தம் மாறிடல, புது கம்ப்யூட்டர் வார்த்தைங்க மட்டும்தான் இருக்காது. வாங்கும்போது நடுவுல பக்கம் கிழிஞ்சிருக்கான்னு பாருங்க, எஸ் எழுத்து பகுதிய நல்லா பெரட்டி பாருங்க, அதுதான் பெரிய பகுதி, தையல் மொதல்ல அங்கதான் விடும். டேட்டா இருக்கறவங்க காலின்ஸ் வெப்சைட்டுக்கு போனா கோபில்ட் வெளக்கம் காசில்லாமலேயே கெடைக்குது, லாங்மனும் ஆக்ஸ்ஃபோர்ட் லேர்னர்ஸும் கூட அவங்கவங்க தளத்துல அப்படித்தான், உச்சரிப்ப கேக்கவும் முடியும். தோட்டத்துக்குள்ள சில எடத்துல லைன் சரியா வராது, அங்க இருக்கறவங்களுக்கு புக்குதான் சரி.

அந்த அக்கா வீட்டு பொண்ணு இப்ப என்கிட்ட படிக்குது, கோபில்ட்ட என் வீட்லேர்ந்து எடுத்துட்டு போகும், ரெண்டு நாள் வெச்சிருந்து கொண்டு வரும். அடுத்து எந்த புள்ளைக்காவது வேணும்னா கடைக்கு போறதுக்கு முன்னால என் வீட்டுக்கு வந்து ஒரு சாயங்காலம் உக்காந்து பெரட்டி பாருங்க, புடிச்சா வாங்குங்க. வரும்போது வீட்ல புரியாம வெச்சிருக்கற இங்கிலீஷ் கடுதாசி ஏதாவது இருந்தா அதயும் எடுத்துட்டு வாங்க, அத வெச்சே தேடிப் பாக்கலாம்.